கோணல் கற்கள் – 9: படியேறிய திரை

சின்னவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியும் தெருவில் காலை வைக்கவில்லை.

விடிவதற்கு முன்பே வந்து இறங்கியவள் அவள். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கதவைத் திறந்த அக்கா "வா" என்றாள். பெட்டியை வாங்கினாள். மாடியில் படுக்கையைத் தட்டிப் போட்டாள். ஏன், எதற்கு, எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவும் கேட்கவில்லை. அதுதான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது. மேல் சாலை முனையில் சலூன் வைத்திருப்பவர் அவர். முகத்தில் சோப்பு நுரையோடு படுத்திருப்பவரையே பதில் சொல்ல வைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் மகள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம்?

புருஷனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அவள் பெட்டி கட்டிவிட்டாள். அந்தக் கதையைப் போன வாரங்களில் பார்த்தோம். இப்போது அவள் கவலை அவனைப் பற்றியது அல்ல, ஜன்னலுக்கு வெளியே இருந்த தெருவைப் பற்றியது.

கல்யாணமாகிப் போன அன்று, வண்டி ஏறும்போது, "இந்தக் குழிக்குள்ள இனிமே யார் வருவா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனவள் அவள். வழியனுப்ப வந்த தெருவும் கூடச் சிரித்தது. இன்றைக்கு அதே தெருவின் முகத்தில் எப்படி முழிப்பது?

குழி என்பது வசவு இல்லை. நிஜமாகவே அது குழிதான்.

நகரத்துக்கு நட்டநடுவில், பெரிய சாலையை விட்டு இறங்கினால் படிகள். படிகளுக்குக் கீழே சந்துகள். சந்துகள் முடிகிற இடத்தில் மறுபடி படிகள். ஒரு காலத்தில் இது முழுக்கக் களிமண் பூமி. நகரத்தின் ரயில் நிலையம், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி எல்லாமே இங்கே தோண்டி இங்கேயே சூளையில் சுட்ட செங்கல். ஊர் உயர உயர, இந்த இடம் தாழ்ந்துகொண்டே போனது.

நேரான கல் வண்டியேறிப் போய்விடும். சூட்டில் வளைந்தது, கருகியது, கோணிக்கொண்டது மட்டும் மிஞ்சும். அதைச் சூளை முதலாளிகள் வேலையாட்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோணல் கல்லை அடுக்கி அவர்களே வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் இங்கே ஒரு சுவரும் நேராக நிற்பதில்லை. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துதான் நிற்கும். ஒரு கதவு இடித்தால் திறக்கும், இன்னொன்று தூக்கி இழுத்தால் திறக்கும். எந்தக் கதவுக்கு எது என்று தெருவுக்கே தெரியும்.

சூளைகள் அணைந்தன. ரயில் பெட்டி செய்கிற பட்டறை வந்தது, அதுவும் போனது. இப்போது பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், படிக்க வந்து அறை எடுத்தவர்கள் என்று பல மாதிரி ஆட்கள். மேல் சாலைக்காரர்கள் இன்னும் மூக்கைச் சுளித்துக்கொண்டு "குழி" என்பார்கள். சலூனில் அப்பா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்.

"மத்தவங்கெல்லாம் கடைசியாத்தான் குழிக்குள்ள போவாங்க. நாங்க ஆரம்பமே அங்கதான். எங்களுக்கு என்னய்யா பயம்?"

அன்று காலை, சின்னவள் மாடி ஜன்னல் ஓரமாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். சளசளவென்று ஒரு சத்தம். மழை என்று நினைத்து வானத்தைப் பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது.

எட்டிக் கீழே பார்த்தாள். படிகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நஞ்சமில்லை. படிக்குப் படி மடிந்து, நுரைத்து, யாரோ அவசரமாக அனுப்பி வைத்த மாதிரி வந்தது. மேல் சாலையில் பெரிய குடிநீர்க் குழாய் வெடித்திருந்தது. குழியில் மேட்டுத் தண்ணீருக்குப் போக ஒரே வழிதான். அது அவர்கள் வீட்டு வாசல்.

"அக்கா!"

வாயைக் கொப்பளிக்கக்கூட நிற்காமல் இறங்கி ஓடினாள்.

கீழே முன்னறை முழுக்க அக்காவின் தையல் கடை. அங்கே தரையெல்லாம் பரந்து கிடந்தது அந்தத் திரை. கருஞ்சிவப்பு வெல்வெட். மூன்று மாசமாக அக்கா தைத்துக்கொண்டிருந்த மன்றத்துத் திரை.

மன்றம் குழியின் மேல் விளிம்பில் இருக்கிறது. சூளையில் வேலை பார்த்தவர்கள், கருகிப்போன கல்லை மட்டும் தனியாகச் சேர்த்துக் கட்டிய கட்டடம். முதலில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு நாடகம் போட்டார்கள், பிறகு சினிமா காட்டினார்கள். கடைசியில் யாரோ உர மூட்டை அடுக்கிப் பூட்டு போட்டார்கள். தெருக்காரர்கள் அலையாய் அலைந்து அதைத் திரும்ப வாங்கி, சுண்ணாம்பு அடித்து, இன்று சாயங்காலம் திறக்கப் போகிறார்கள். மேடைக்குத் திரை வேண்டும். அடி ஓரத்தில் இரண்டு ஆள் நீளம் மட்டும் தைக்கப் பாக்கி.

அக்கா வாயில் குண்டூசிகளோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியைத் தாண்டி ஒரு மெல்லிய நாக்கு மாதிரி தண்ணீர் உள்ளே நீண்டது.

"மாடிக்குத் தூக்கலாம், பிடி!" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். மாடிப்படியோ ஏணி மாதிரி. ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற வேண்டும். வெல்வெட் இரண்டாவது படியிலேயே முட்டிக்கொண்டது. எருமை மாட்டை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிற கதைதான்.

அக்கா குண்டூசிகளைத் துப்பினாள். அவள் ஊசியைத் துப்பினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"போச்சு. இது நனைஞ்சா சாயம் இறங்கிடும், பஞ்சு படிஞ்சிடும். ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். குரல் உடைந்திருந்தது. "விடு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன."

அக்கா அழுது சின்னவள் பார்த்ததில்லை. அம்மா போன அன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவள்.

"தெருவுல இன்னும் கணுக்கால் தண்ணிதான். ஆள் இருந்தா வெளியே கொண்டு போயிடலாம்."

"யாரைக் கூப்பிடுவ? எல்லார் வீட்லயும்தானே தண்ணி?"

சின்னவள் வாசலைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அவள் தாண்டாத வாசல். அழுக்கு நைட்டி, எண்ணெய் காணாத தலை, உதட்டோரம் பற்பசை. இதைவிட மோசமான கோலத்தில் ஒருத்தி தெருவுக்கு அறிமுகமாக முடியாது.

கதவைத் தோளால் ஓர் இடி இடித்துத் திறந்தாள். தண்ணீரில் இறங்கினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"மன்றத்துத் திரை நனையப் போகுது! யாராவது வாங்க! எல்லாரும் வாங்க!"

எதிர் வீட்டுக் கதவுதான் முதலில் திறந்தது. பஸ் ஓட்டும் டிரைவரக்கா. காக்கிச் சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டு, மீதிக் கையை நுழைத்துக்கொண்டே வந்தாள். சின்னவளைப் பார்த்தாள். ஐயோ, நீயா, எப்ப வந்தே என்று ஏதாவது வரப்போகிறது என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தலைப்பு எது, அடி எது?" என்றாள் டிரைவரக்கா.

"என்ன?"

"திரைக்குடி! எந்தப் பக்கத்தை முன்னால கொண்டு போகணும்?"

அவ்வளவுதான். அதற்குள் பேக்கரிக்காரர் வந்துவிட்டார், முழங்கை வரை மாவோடு. அக்கா வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"மாவுக் கையோட வெல்வெட்டைத் தொட்டீங்க, கொன்னுடுவேன்!"

அவர் அந்தக் கையைத் தெருத் தண்ணீரிலேயே கழுவிச் சட்டையில் துடைத்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, மாடி அறையில் தங்கிப் படிக்கிற பெண்கள், ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் படுத்த நர்சு என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான். சின்னவளைப் பார்ப்பார்கள், ஒரு தலையசைப்பு, உடனே வேலை.

"நீ அந்த முனையைப் பிடி, சின்னவளே."

"உயரமா இருக்கே, நடுவுல போ."

பத்து வருஷம் அவள் எங்கேயும் போகாத மாதிரி.

திரையை மடித்தால் யாராலும் தூக்க முடியாது. நீளவாக்கில் சுருட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வரிசையாகத் தோளில் ஏற்றினார்கள். டிரைவரக்கா முன்னால். கூட்டமான பஸ்ஸைத் திருப்புகிற குரல் அவளுக்கு.

"சந்து திரும்புது, இடது பக்கம் ஒட்டி வாங்க! பின்னால இருக்கறவங்க தள்ளாதீங்க! படி வருது, காலைப் பார்த்து வைங்க!"

சந்துக்குள் கருஞ்சிவப்பாக, நீளமாக, முப்பது நாற்பது காலோடு அது ஊர்ந்து போனது. எதிரே வெள்ளம் இறங்குகிறது, இவர்கள் ஏறுகிறார்கள். பாசி பிடித்த படி. சின்னவளின் கால் ஓரிடத்தில் வழுக்கியது. பின்னால் வந்த பேக்கரிக்காரர் முழங்காலால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்.

"விழாதேம்மா. நீ விழுந்தா பரவாயில்ல, தூக்கிடலாம். திரை விழுந்தா உங்க அக்கா என்னைத் தைச்சிடுவா."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்குகிற நேரத்தில், பாரம் தோளை அழுத்துகிற நேரத்தில், அடக்க முடியாமல் வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

மன்றத்துத் தரையில் திரையை இறக்கி விரித்தபோது, ஒரு மூலை நனைந்திருந்தது தெரிந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவு. சேறு வேறு.

அக்கா மண்டியிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"துணியால ஒத்தி எடு, தேய்க்காதே" என்று வாசலிலிருந்து ஒரு குரல். அப்பா. இரண்டு கையிலும் சலூனில் முடி காய வைக்கிற ட்ரையர்கள், கழுத்தில் மாலையாக ஒயர், சட்டைப் பையில் மெல்லிய பிரஷ்ஷுகள்.

"மனுஷன் தலையை விடவா இது மோசம்?" என்றார். "நனைஞ்ச கோழி மாதிரி வந்த எத்தனை பேரைச் சிங்கமாக்கி அனுப்பியிருக்கேன். பிளக் எங்க இருக்கு?"

ஒத்தி ஒத்தி ஈரம் எடுத்தார்கள். அப்பா எட்டத்திலிருந்து இளஞ்சூட்டில் காற்றடிக்க, அக்கா பிரஷ்ஷால் பஞ்சை ஒரே பக்கமாக வாரிவிட்டாள். மெல்ல மெல்ல வெல்வெட் நிமிர்ந்தது. சாயம் கொஞ்சம் மங்கியிருந்தது. அந்த மூலை மேடையின் தூணுக்குப் பின்னால் போய்விடும் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

பிறகு ஓரம். மேடை நேராக இல்லை, அது கட்டின நாளிலிருந்தே வலது பக்கம் தாழ்ந்தது. அதனால் அக்கா திரையின் அடியையும் வேண்டுமென்றே சரிவாக வெட்டியிருந்தாள். ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முழம் கையாலேயே தைத்தார்கள். சின்னவளும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டாள். அம்மா தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்த ஒரே தையல் அதுதான்.

பக்கத்தில் ட்ரையரைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, யாருமே என்னை ஒண்ணும் கேக்கலையே."

"எதைக் கேக்கணும்?"

"ஏன் வந்தேன், எப்ப வந்தேன்னு."

அப்பா ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்?"

ஊசி அவள் விரலில் குத்தியது.

"தெரியுமா? எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

"நான்தான்." கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னார். "நீ வந்த அன்னிக்கே. நாற்காலியில வந்து உக்காந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். என் சின்னப் பொண்ணு வந்திருக்கா, மனசு சரியில்ல, அவளா வெளியே வர்ற வரைக்கும் யாரும் போய்க் கதவைத் தட்டக் கூடாது, அவளா சொல்ற வரைக்கும் எவனும் கேக்கக் கூடாது. கேட்டா அடுத்த தடவை முடியோட காதும் சேர்ந்து வந்துடும்னேன்."

"அப்படின்னா... எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரு நாய்க்குத் தெரியாது. அது முடி வெட்டிக்கறதில்ல."

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, மறுபடி வாயில் ஊசியோடு, பல்லிடுக்கில் பேசினாள். "என்னையும் சேர்த்துத்தான் மிரட்டினார். ரெண்டு வாரமா நாக்கு என்னமா அரிச்சது தெரியுமா? தினமும் காலையில ஜன்னல்ல பன் இருந்துதே, யாருக்குன்னு நெனச்ச? எனக்கா? எனக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே."

தூரத்தில் பேக்கரிக்காரர் சட்டென்று கூரையில் ஏதோ சிலந்தி வலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இந்த ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டு, இரண்டு வாரம், அவள் ஜன்னலுக்குக் கீழே சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. டிரைவரக்கா வீட்டு ரேடியோ ஏன் மெதுவாகப் பாடியது, சந்து முனையில் அரட்டைக் கச்சேரி ஏன் நடக்கவில்லை என்று இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. தெருவே தன்னை வெறுக்கிறது என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

அவளுக்குக் கையிலிருந்த தையல் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்.

"நன்றின்னு போய் யார்கிட்டப்பா சொல்றது?" என்றாள்.

"நன்றியெல்லாம் மைக் பிடிச்சவங்க சொல்றது. நீ போய் டிரைவரக்கா வீட்டைப் பாரு. திரை வெளியே வந்தபோது அவ வீட்டுக்குள்ளேயும் தண்ணி நுழைஞ்சுதான் இருந்தது."

சின்னவள் எழுந்தாள். துணிகூட மாற்றவில்லை. அதே நைட்டியில், அதே தலையோடு, படியிறங்கிப் போனாள்.

மத்தியானத்துக்கு முன்பே குழாயை அடைத்துவிட்டார்கள். வந்த தண்ணீர் மட்டும் சந்துக்குள் நின்றது. டிரைவரக்கா வேலைக்குப் போகாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் டிவி, டிவி மேல் செருப்பு.

"உங்க வீட்ல தண்ணி ஏறும்போது எங்க வீட்டுத் திரையைத் தூக்கினீங்களே" என்றாள் சின்னவள், இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு.

"அது என்ன உங்க வீட்டுத் திரையா? மன்றத்துத் திரை. அப்புறம், தரையைத் துடைச்சுக்கலாம். வெல்வெட்டைத் துடைக்க முடியுமா?"

இரண்டு பேரும் இறைத்தார்கள். சின்னவளே ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை என்பதாலேயே அவளால் சொல்ல முடிந்தது. வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, பெட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். டிரைவரக்கா நடுவில் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், வாளித் தண்ணீரை வாசலுக்கு வெளியே வேகமாக வீசினாள். அந்தத் தண்ணீர் யார் முகத்துக்கு என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"போகும்போது குழின்னு கிண்டல் பண்ணிட்டுப் போனேன்க்கா."

"பண்ணினா என்ன? நான் தினமும் பண்றேன். கண்டக்டர் கேப்பான், எங்க வீடுன்னு. பாதாள லோகம்னுவேன்." டிரைவரக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "வேலைக்கு என்ன பண்ணப் போற?"

"தெரியலை. அங்க ஒரு மருந்துக் கடையில இருந்தேன்."

"ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ரெண்டு மருந்துக் கடையில ஆள் தேடறாங்க. என் பஸ் அந்த வழிதான். திங்கட்கிழமை ஏறு."

இவ்வளவு சுலபமாகவா ஒரு திங்கட்கிழமை கிடைக்கும்? சின்னவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சேற்றுக் கையாலேயே டிரைவரக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"அட, சட்டைடி! யூனிபார்ம்டி!" என்று கத்தினாள் அவள். ஆனால் விலக்கவில்லை.

சாயங்காலம் சின்னவள் குளித்து, தலைவாரி, அக்காவின் நீலச் சேலையில் மன்றத்துக்குப் போனாள். திரை ஏறியிருந்தது. அடி ஓரம் மேடையோடு ஒட்டி, ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் தொங்கியது. சாய்ந்த மேடை, சாய்த்து வெட்டிய திரை. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நேர்.

கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். திரை கனத்த பெருமூச்சோடு மேலே ஏறியது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் ஊசிப் பெட்டியை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தாள். சின்னவள் போய் அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"கனக்குது, எடு" என்றாள் அக்கா. தோளை நகர்த்தவில்லை.

விழா தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்போதுதான் டிரைவரக்கா வாசலிலிருந்து வேகமாக வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சின்னவளே, உன்னைக் கேட்டு வெளியூர்லேர்ந்து வந்திருக்காங்க."

சின்னவள் அக்காவின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அவனா?"

"ஒரு வயசான அம்மா. உன் மாமியாராம். கையில பெட்டி." டிரைவரக்கா குரலைத் தாழ்த்தினாள். "அப்படி யாரும் இங்க இல்லேன்னு சொல்லியாச்சு. நான் சொன்னேன், பேக்கரிக்காரர் சொன்னார், உங்கப்பா சலூன்ல கேட்டதுக்கு அவரும் பொண்ணே இல்லேன்னுட்டார். சந்து சந்தா சுத்திட்டு இப்ப படியில உக்காந்துட்டாங்க. நீ இருக்கியா, இல்லையா? நீ என்ன சொல்றியோ அதுதான்."

அத்தையா? இங்கேயா?

அந்த வீட்டில் பத்து வருஷம் ஒரே சமையலறையில் நின்றவர்கள் அவர்கள் இருவரும். சண்டை என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை, ஒட்டுதல் என்றும் பெரிதாக ஒன்றும் இல்லை. மகன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவள். சின்னவள் பெட்டியோடு படியிறங்கிய காலையில்கூட அத்தை அடுப்பைப் பார்த்தபடிதான் நின்றிருந்தாள். அவள் எதற்கு இவ்வளவு தூரம்? கூட்டிப் போகவா? திட்டவா?

"நான் போய்ப் பார்க்கறேன்" என்றாள் சின்னவள்.

நாலடி வைத்ததும் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பினாள். அக்கா, அப்பா, டிரைவரக்கா, பேக்கரிக்காரர், எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"நீங்கெல்லாம் எங்க?"

"நாங்க எங்க வர்றோம்?" என்றார் அப்பா. "உள்ள புழுக்கமா இருக்கு. காத்து வாங்கப் போறோம்."

மேல் படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சேலைக் கரை நனைந்திருந்தது. மடியில் பெட்டி. பக்கத்தில் ஒரு தம்ளரில் டீ, தட்டில் கடித்த பன். சின்னவளைப் பார்த்ததும் எழ முயன்றாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"இந்த ஊர்ல எல்லாரும் பொய் சொல்றாங்கம்மா" என்றாள் அத்தை. "நீ இல்லவே இல்லேன்னு சாதிச்சாங்க. ஆனா டீ குடுத்தாங்க, பன் குடுத்தாங்க, கால் துடைக்கத் துண்டு குடுத்தாங்க."

சின்னவள் குனிந்து அவள் மடியிலிருந்த பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. ரெண்டு நாளைக்கு வந்தவர் பெட்டி இல்லை.

"நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியாது" என்றாள் அத்தை. கண் சின்னவளைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கே நாலு பேர் வானத்தில் நட்சத்திரம் வந்துவிட்டதா என்று மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தனியா எங்கயாவது..."

காலையில் என்றால் சின்னவள் ஒரு மறைவிடம் தேடியிருப்பாள். இப்போது அத்தைக்குப் பக்கத்தில், ஈரப்படியில், அக்காவின் நீலச் சேலையோடு உட்கார்ந்தாள்.

"இங்கயே சொல்லுங்க அத்தை. இவங்க எல்லாரும் நம்ம வீட்டு ஆளுங்கதான்."

அத்தை அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தனக்கு டீ கொடுத்த முகம், துண்டு கொடுத்த முகம், பொண்ணே இல்லை என்று சத்தியம் செய்த முகம். ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

"அப்படின்னா எல்லாரும் உக்காருங்க" என்றாள். "நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல இது."